கைநாட்டு

(முதியோர் நாளையொட்டிப் புதுக்கோட்டையில் ஒரு ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மைக்கைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள் தம்பி. இன்னும் கொஞ்சம். போதும்.

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘சமூகச் செயற்பாட்டாளர்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். என் மகன் அதை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, “அம்மா, நீ என்னதான் வேலை பாக்குறேன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?” என்று போனில் கேட்டான். “துணைக்குப் போறாங்கன்னு சொல்லு” என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இந்தப் பேச்சுக்குக் குறிப்பெடுக்க உட்காரும் போதெல்லாம் அந்தப் பதிலிலேயே வந்து நிற்கிறேன். எழுபத்து மூன்று வயதில் நான் செய்கிற பொதுக்காரியம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. தாலுகா ஆபீசுக்குத் துணை. பாங்கிக்குத் துணை. ஆஸ்பத்திரிக்குத் துணை. போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை. அதில் ஒரு தடவை துணைக்குப் போன என்னையே சாயங்காலம் வரைக்கும் உட்கார வைத்துவிட்டார்கள். அது தனிக்கதை, இன்றைக்கு வேண்டாம்.

திங்கட்கிழமைக் காலையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? குறைதீர்க்கும் நாள். உள்ளே விடுவதற்கு முன்னால் பெண் போலீசார் பையைத் துழாவுவார்கள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். 2017-இல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்ததே, அதற்குப் பிறகு இந்தச் சோதனை எங்கும் இறுகிவிட்டது. அந்தப் போலீஸ் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், என் பேத்தி வயதுதான் இருக்கும். ஒருநாள் என் தோழியின் பாட்டிலை ஒரு பிள்ளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது இவள், “சீரகத் தண்ணி தாயி, வேணும்னா ஒரு மடக்கு குடிச்சிப் பாரு” என்றாள். அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கிருந்து எங்களைப் பார்த்தால் “சீரகப் பாட்டி வந்துட்டாங்க” என்று வழி விடுகிறார்கள்.

அந்தத் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை என்பது வேறு விஷயம். மனுக் கொடுக்கப் போகிற நாளில் வயசான பொம்பளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஏன் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற பெண்களுக்குத் தெரியும். ஆண்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கு மாத்திரையையே நிறுத்திவிட்டு வருகிறார்கள். வரிசையில் மயங்கி விழுகிறார்கள். முதியோர் பங்கேற்பு என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, கழிப்பறைச் சாவி யார் கையில் இருக்கிறது என்று அங்கே ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு அலுவலகத்தில் நாங்கள் நாலு பேர் எட்டு மாதம் விடாமல் கேட்டு, பூட்டிக் கிடந்த கழிப்பறையின் சாவியை வெளியே ஆணியில் மாட்ட வைத்தோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்சும் கட்டிக் கொடுத்தார்கள். என் பொதுவாழ்க்கையில் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு வெற்றி உண்டென்றால் அந்த பெஞ்சுதான். போன மாதம் போனேன். அதன்மேல் ஃபைல் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

தோழி என்றேன். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பார்க்காதீர்கள், எழுந்து போய்விடுவாள். பெயரைச் சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள். எழுபதைத் தாண்டியவளை மேடையில் நின்றுகொண்டு ‘அவள்’ என்கிறேனே, மரியாதை தெரியாதவளா நான் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த ‘அவள்’ எனக்குக் கிடைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

1991. எனக்கு முப்பத்தொன்பது வயது, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை. அதற்கு முந்தின வருஷம்தான் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்திருந்தார்கள். நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். அறிவியல் இயக்கத்துத் தோழர்கள், வாத்தியார்கள், படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பையன்கள், பெண்கள் என்று எல்லோரும் தெருவில் இறங்கினோம். பாட்டு, வீதி நாடகம், அரிக்கேன் விளக்கு. வெளியூர்க்காரர்களுக்குப் புதுக்கோட்டை அறிவொளி என்றால் பெண்கள் சைக்கிள் ஓட்டியதுதான் ஞாபகம் வரும். பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி அது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து ஆம்பளை சைக்கிளிலேயே ஏறி மிதித்தார்கள். முன்னால் உள்ள பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம், அதுதான் வசதி என்றார்கள். நானும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது இவள். எனக்கு இரண்டு வாரம் முன்னால் கற்றுக்கொண்டவள், அவ்வளவுதான் வித்தியாசம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவாள். “பிடிச்சிருக்கேன் டீச்சர், பிடிச்சிருக்கேன்” என்று கத்துவாள். திரும்பிப் பார்த்தால் அரை ஃபர்லாங் தள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

அவளுக்குக் கல் உடைக்கிற வேலை. ஜல்லி. காலையிலிருந்து சுத்தியல் பிடித்த கையில் ராத்திரி நான் பலப்பம் கொடுத்தேன். பிடித்த பிடியில் பலப்பம் ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. மூன்றாவதைத் துண்டு துண்டாக நானே ஒடித்துக் கொடுத்தேன். எங்கள் பாடப் புத்தகம் அ, ஆ என்று தொடங்காது. முதலில் ‘பட்டா’, அப்புறம் ‘படி’. நிலமும் அளவையும் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொற்களிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டுவது. ப, ட, டா என்று சுலபமாகத்தான் போனாள். ‘ழ’ வந்ததும் நின்றுவிட்டாள். அந்தச் சுழி அவளுக்கு வரவில்லை. கல்லில் நேர்க்கோடுதான் போடத் தெரியும், இந்த வளைவெல்லாம் என் கைக்கு வராது என்று சிலேட்டைத் தள்ளி வைத்தாள். அவள் வீட்டுக்காரர் பெயரில் ‘ழ’ உண்டு. அதனால் விடவும் முடியவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் குவாரியில் ஒரு பாறைமேல் கரித்துண்டால் ஆள் உயரத்துக்கு ஒரு ‘ழ’ எழுதிவிட்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அந்தப் பாறை இப்போது இல்லை, எந்த ஊர் ரோட்டிலோ ஜல்லியாகக் கிடக்கும்.

குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்ட காலம் அது. குழுவின் சார்பில் பாங்கிக்குப் போனவர்களில் இவளும் ஒருத்தி. கவுண்டரில் இருந்தவர் பழக்கத்தில் மைப்பெட்டியை இவள் பக்கம் நகர்த்தினார். இவள் அதைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்திவிட்டு, “பேனா இருக்கா சார்?” என்று கேட்டாள். அதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! கைநாட்டு ஒழிந்தது என்று முடிப்பேன், கை தட்டுவார்கள். 1992-இல் மாவட்டமே எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

அந்தக் கூட்டங்களில் நான் சொல்லாத ஒன்று உண்டு. இவள் தெருவில் இவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் தினமும் பாடம் நடத்தினேன். அதில் எனக்குப் பெருமை. ஒருநாள் நோட்டு வாங்க இவள் என் வீட்டுக்கு வந்தாள். என் மாமியார் பின்கட்டுப் பக்கம் ஒரு தம்ளரில் மோர் கொண்டு வந்து வைத்தார். அந்தத் தம்ளர் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாட்டுக்கொட்டகைச் சுவரில் தனியாக ஒரு மாடம். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் நாடகம் போட்டுவிட்டு என் வீட்டு மாடத்தை மட்டும் பார்க்காதவள் மாதிரி நின்றேன். இவள் மோரைக் குடித்து, தம்ளரைக் கழுவி, அது இருந்த மாடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். யாரும் சொல்லாமலே அந்த இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் வகுப்புக்கும் வந்தாள். “வாங்க டீச்சர்” என்றாள். இயக்கத்தில் எல்லோரையும் ‘வாங்க’, ‘போங்க’ என்று கூப்பிட எங்களைப் பழக்கியிருந்தார்கள், நானும் “வாங்கம்மா” என்றேன். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைக்குள்ளேயே இருபது வருஷம் ஓடிவிட்டது.

2012-இல் என் வீட்டுக்காரர் காலமானார். காரியமெல்லாம் முடிந்து, பிள்ளைகள் அவரவர் ஊருக்குக் கிளம்பி, வீடு காலியான ஒரு மத்தியானம். நான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இவள் வந்தாள். வாசலில் நின்று கூப்பிடவில்லை. நேரே உள்ளே வந்து, அடுப்படிக்குப் போய், எது எங்கே இருக்கிறது என்று தானே தேடி எடுத்து, ரசம் வைத்துச் சோறாக்கி, தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள். “ஏண்டி, இப்படிக் கெடந்தா செத்தவரு எந்திரிச்சி வருவாரா? சாப்புடு” என்றாள்.

எனக்குப் பதினெட்டு வயதில் அம்மா போனதோடு என்னை ‘ஏண்டி’ என்று கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. சாப்பிட்டேன். “நீயும் போட்டுக்க” என்றேன். அன்றைக்குத்தான் நாங்கள் தோழிகளானோம். அதற்கு முன்னால் இருந்தது இயக்கம். நல்ல இயக்கம்தான், குறை சொல்லவில்லை.

இப்போது கைநாட்டுக்கு வருகிறேன்.

ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மெஷின் வந்ததே, அதில் இவள் விரல் பதியவே இல்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, சேலையில் துடைத்து, எண்ணெய் தடவி, என்ன செய்தும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. முப்பது வருஷம் கல்லைப் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? என் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாக்பீஸ் பிடித்த விரல், வரி வரியாக அப்படியே இருக்கிறது. அவள் விரல் நுனி பழைய சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. முதியோர் உதவித்தொகைக்கும் அதே விரல்தான். முன்னால் மணியார்டர் வரும், கையெழுத்துப் போட்டு வாங்குவாள். இப்போது வட்டாரத்துக்கு ஒருத்தர் கையடக்க மெஷினோடு வருகிறார். 2023-இல் தொகையை 1,200 ரூபாய் ஆக்கினார்கள். அதற்கு முன்னால் ஆயிரமாக இருந்தது. என் ஓய்வூதியம் எவ்வளவு என்று இந்த மேடையில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவளுக்கு அது தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை, டீக்காசை மட்டும் என்னைக் கொடுக்க விடமாட்டாள்.

மெஷின் ‘உங்கள் ரேகை பொருந்தவில்லை’ என்று சொன்ன அன்றைக்கு அவள் கடைக்காரத் தம்பியிடம், “நான் கையெழுத்துப் போடுறேன் தம்பி, எனக்கு எழுதத் தெரியும்” என்றாள். அவர் நல்லவர். “கையெழுத்தெல்லாம் இதுல ஏறாது ஆத்தா” என்றார். நான் பக்கத்தில் நிற்கிறேன். கைநாட்டு வைக்காதே, அது அவமானம் என்று ராத்திரி ராத்திரியாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது பேனா யாருக்கும் வேண்டாம், கட்டை விரலைத்தான் கேட்கிறார்கள். கட்டை விரலோ கல்லோடு போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. அவள், “விடு, ரேகை பாத்து ஜோசியம் சொல்றவனும் என்னை ஏமாத்த முடியாது” என்றாள்.

இந்த இடத்தில் இன்னொரு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், பழைய தொழிற்சங்கக்காரர். நாங்கள் ‘தோழர்’ என்றே கூப்பிடுவோம். அறிவொளிக் காலத்திலிருந்து பழக்கம். நான் மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்த புதிதில் ஒருநாள் டீக்கடையில் வைத்து, “நீங்க செய்யறது போராட்டம் இல்ல டீச்சர், அரசாங்கத்துக்குச் சம்பளமில்லாம குமாஸ்தா வேலை பாக்குறீங்க. மனு எழுதி எழுதி ஜனங்களைக் கும்புடு போடப் பழக்குறீங்க” என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. கடைசியாக நீங்கள் போன போராட்டம் எது, போட்டோ எடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் கலைந்த போராட்டமா என்று கேட்டேன். அவருக்கு அப்போதே நெஞ்சுவலி உண்டு, வெயிலில் நிற்க முடியாது. அது தெரிந்தே கேட்டேன். ஆறு வருஷம் பேச்சில்லை. எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார்.

வயசான காலத்து நட்பில் இது ஒரு சங்கடம். சின்ன வயதில் சண்டை போட்டால் ஆறப்போட நாள் இருக்கிறது. எங்கள் கணக்கில் ஆறு வருஷம் என்பது பெரிய தொகை.

அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. நவம்பரில் அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டாள்: “அத்தை, அப்பாவுக்கு லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும், விரல் பதியலை, அப்பா யாரையும் கூப்புடக் கூடாதுன்னு சொல்றார், எனக்கு உங்களைத்தான் தெரியும்.” போனேன். உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு வருஷத்துக்கு ஒரு தடவை அத்தாட்சி காட்ட வேண்டும். நானும் கருவூலத்தில் நேர்காணலுக்குப் போகிறவள்தான். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 2021-லிருந்து முகத்தைக் காட்டினாலே போதும் என்று செல்போனில் வசதி வந்துவிட்டது. போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. அவர் வீம்பாக விழித்துக்கொண்டே இருக்கிறார். “தோழர், சிமிட்டுங்க. இல்லாட்டிச் செத்துப் போயிட்டதா எழுதிக்கும்” என்றேன். “அன்னிக்கு நான் சொன்னது இப்பவும் சரிதான்” என்றார். “சரிதான் தோழர், சிமிட்டுங்க” என்றேன். சிமிட்டினார்.

அவர் சொன்னது பாதி சரி என்று நானும் நினைக்கிறேன். ஒரு கிழவிக்கு மனு எழுதிக் கொடுத்து அரிசி வாங்கிக் கொடுத்தால் அந்தக் கிழவிக்கு அரிசி கிடைத்தது; அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் கிழவிக்கு நாளைக்கு அதே மெஷின், அதே சிவப்பு விளக்கு. இதை அவரிடம் ஒத்துக்கொண்ட பிறகுதான் அவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். மூன்று பேருமாக ஊர் ஊராகப் போய், விரல் பதியாதவர்கள் யார் யார், எத்தனை தடவை திரும்பிப் போனார்கள் என்று எழுதினோம். கல் உடைத்தவர்கள், முந்திரி உடைத்தவர்கள், நாற்று நட்டவர்கள், துணி வெளுத்தவர்கள். இவள் கேட்பாள், தோழர் எழுதுவார், நான் சரிபார்ப்பேன். எல்லோரையும் ஒரே திங்கட்கிழமை வரச் சொல்லி ஒரே மனுவாகக் கொடுத்தோம். தோழர் அன்றைக்குச் சட்டையில் பழைய சங்க பேட்ஜைக் குத்திக்கொண்டு வந்தார். இப்போது பல கடைகளில் கருவிழியைப் பார்க்கிற கருவி வந்துவிட்டது. அது மாநிலம் முழுக்க வந்தது, எங்கள் நோட்டால் வந்ததில்லை. தோழர் மட்டும் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். இருக்கட்டும்.

2025 ஆகஸ்டில் இன்னொன்றும் வந்தது. எழுபது கடந்தவர்களுக்கு ரேஷன் சாமானை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல திட்டம், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்குப் பெரிய உபகாரம். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். “வீட்டுக்கே எல்லாம் வந்துட்டா நான் யாரைப் பாக்குறது? கடையில நின்னாத்தான் யாரு சீக்குல கெடக்குறா, யாரு மக சண்டை போட்டு வந்துட்டான்னு தெரியும்” என்றாள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானபோதும், 2021 மே மாதம், எந்தக் காரியமும் இல்லாமல் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவள் இவள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எங்கே இறங்கப் போறோம் என்று கேட்டேன். “ஏறுன எடத்துலதான்.”

முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் இது. அவரைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் கூட்டத்தார் விடமாட்டார்கள். ஆனால் எல்லோரும் சொல்கிற கதையை, மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு உட்கார்ந்து படித்ததை, 1927-இல் சட்ட மேலவைத் துணைத் தலைவர் ஆனதை நான் சொல்லப் போவதில்லை. எனக்குப் பிடித்தது அவருடைய அறுபத்தெட்டாவது வயது. 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்தார். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954-இல். பன்னிரண்டு படுக்கை. இடையில் முப்பத்தொரு வருஷம். அந்த முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பேரிடம் போய்க் கேட்டிருப்பார், எத்தனை வராந்தாவில் காத்திருந்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. காத்திருந்த கதையைச் சிலைக்குக் கீழே யாரும் எழுதுவதில்லை. நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா நின்றபோது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1996-இல் தீர்ப்பு வாங்கினார். கூடவே கிருஷ்ணம்மாள் அம்மா. புருஷன் பெண்டாட்டி என்பதைவிட ஒருத்தருக்கொருத்தர் துணைக்குப் போனவர்கள் என்றுதான் அவர்களைப் பற்றி எனக்குத் தோன்றும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இந்தப் பெரியவர்களை மேடையில் அடுக்க அடுக்கக் கீழே உட்கார்ந்திருப்பவருக்குச் சோர்வுதான் வருகிறது. நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியுமா? முழங்கால் பிடித்துக்கொண்டால் படி ஏற முடியவில்லை. ஒரு ஆளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினால் ஏற முடிகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசியாக ஒன்று. இவள் குடியிருக்கிற இடம் நத்தம் புறம்போக்கு. நாற்பது வருஷமாக அந்த மண்ணில்தான் இருக்கிறாள், பட்டா இல்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்த முதல் வார்த்தையே பட்டா! மனு மேல் மனு. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘கோப்பு கிடைக்கப்பெறவில்லை’ என்று பதில் வந்தது. மேல்முறையீடு போட்டோம், கிடைக்கப்பெறாத கோப்பு கிடைத்தது. இந்த வருஷம் ஜமாபந்தியில், அவர்கள் வருவாய்த் தீர்வாயம் என்பார்கள், இவள் கையில் பட்டாவைக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் நான் வாங்கிப் படித்துக் காட்டலாம் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வைத்து வைத்துப் படித்தாள். சர்வே எண் படித்தாள். ஊர் படித்தாள். தன் பெயரைப் படித்தாள். வீட்டுக்காரர் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். மறுபடி அங்கேயே நின்றது.

“ஏ டீச்சர், இங்க ‘ழ’தானே வரணும்? ‘ள’ போட்டு வச்சிருக்கான்.”

பார்த்தேன். ‘ள’தான். உள்ளே போய்க் காட்டினோம். அங்கிருந்த பிள்ளை, “ஒரு எழுத்துதானே பாட்டி, படிக்கும்போது எல்லாம் ஒண்ணுதான். விட்டுருங்க. திருத்தணும்னா மறுபடி மனுப் போட்டு அலையணும்” என்றது. அக்கறையில்தான் சொன்னது. இவள், “அந்த ஒரு எழுத்தை எழுத நான் ரெண்டு மாசம் பட்டிருக்கேன் தாயி. மனுத்தானே, போடுறேன்” என்றாள்.

மனு எழுதியாயிற்று. இந்தத் தடவை நான் எழுதவில்லை, அவளே எழுதியிருக்கிறாள். எழுத்துப் பெரிது பெரிதாக இருக்கும், ஒரு பக்கத்துக்குப் பதில் மூன்று பக்கம் ஆகிவிட்டது. நாளைக்குத் திங்கட்கிழமை. தோழரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எட்டே காலுக்கு, அதை விட்டால் ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் கேட்பார். மூன்றாவது வரிசையில் ஒருத்தி ஏற்கெனவே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டாள்.

வருகிறேன்.